காத்திருந்து வாங்கும் சிக்னல்

சிங்கப்பூரின் ஜூரோங் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகளில் மீனும் இறைச்சியும் -18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்து கிடக்கின்றன. அந்த அறைகளின் வெப்பநிலையை அளக்கும் கருவிகளிடமிருந்து அளவுகளை வாங்கி, டிஸ்க்கில் எழுதி, சர்வருக்கு அனுப்பும் ஒரு சி நிரலைப் பராமரிப்பது என் வேலைகளில் ஒன்று. த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. ஒவ்வொரு கருவித் தொகுதிக்கும் ஒரு த்ரெட், டிஸ்க்கில் எழுத ஒரு த்ரெட், வெளியே அனுப்ப ஒரு த்ரெட் என்று அது பிரிந்து ஓடுகிறது. வெளியுலகம் அதனோடு பேசுவதோ பழைய யூனிக்ஸ் வழக்கப்படி சிக்னல்கள் என்ற, எண்ணிட்ட சிறு அறிவிப்புகள் மூலமாகத்தான். நள்ளிரவில் லாக் கோப்பை மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட் என்ற நிரல், அமைப்பை மறுபடி படி என்று அதற்கு ஒரு சிக்ஹப் அனுப்பும். புதிய பதிப்பை ஏற்றுகிறவர்கள் நின்றுவிடு என்று சொல்லும் சிக்டெர்ம் அனுப்புவார்கள். நிரல் கிளப்பிவிட்ட துணை ஸ்கிரிப்ட் வேலையை முடித்துக்கொண்டால் இயக்கமுறைமையின் மையமான கெர்னல் சிக்சைல்ட் அனுப்பும்.

இந்தச் சிக்னல்களை எந்த த்ரெட் வாங்குவது, எப்போது வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு. சிக்னல் தானாக வந்து ஏதோ ஒரு த்ரெட்டின் தலையில் விழட்டும் என்று விடாமல், அதற்கென்று ஒரு த்ரெட்டை உட்காரவைத்து, சிக்வெயிட் என்ற ஃபங்ஷன் மூலம் நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பல த்ரெட்டுகள் ஓடும் நிரலில் வேறு ஏற்பாட்டை இப்போதெல்லாம் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஏற்பாடு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு த்ரெட் எந்தச் சிக்னல்களைத் தடுத்துவைக்கிறது என்ற பட்டியலான மாஸ்க் விஷயத்தில் அது கேட்கும் கண்டிப்பைக் கொடுக்காவிட்டால், பழைய முறையைவிட மோசமாக, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழையாக அது திரும்பி வரும். நான் விரிவாக எழுத நினைப்பது அந்தக் கண்டிப்பைப் பற்றித்தான்.

முதலில் பழைய முறை. இந்த நிரல் என் கைக்கு வந்தபோது சிக்ஹப்புக்கு ஒரு ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் நடக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தானாக ஓடும் ஃபங்ஷன், இருந்தது. அது அமைப்புக் கோப்பைத் திறக்கும், படிக்கும், புதிய மதிப்புகளை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரு மியூடெக்ஸ் பூட்டுக்குள் எழுதும். படிக்கிறவருக்கு ஒழுங்காகவே தெரியும். மாதக்கணக்கில் நன்றாக ஓடும். பிறகு ஓர் இரவில் அப்படியே நின்றுவிடும். சிபியூ சும்மா இருக்கும், அளவுகள் சேராது, நிரல் செத்தும் போகாது. அப்படி நின்ற நிலையில் பிழைதேடும் கருவியான ஜிடிபியை அதோடு இணைத்துப் பார்த்தபோது டிஸ்க் த்ரெட்டின் ஸ்டேக், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடியில், அந்த த்ரெட் தன் வேலையாக, நினைவகம் கேட்டு வாங்கும் மால்லாக்கைக் கூப்பிட்டிருக்கிறது. மால்லாக் உள்ளே பூட்டைப் பிடித்திருக்கும் கணத்தில் சிக்ஹப் வந்திருக்கிறது. அதன் மேல் ஹேண்ட்லர். ஹேண்ட்லரின் மேல், கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன். எஃப்ஓபனின் மேல் மறுபடியும் மால்லாக். உச்சியில் எல்எல்எல்_லாக்_வெயிட்_பிரைவேட் என்ற, ஜிலிப்சி சி லைப்ரரியின் உள் ஃபங்ஷன். தான் பிடித்திருக்கும் பூட்டு எப்போது விடுபடும் என்று அந்த த்ரெட் தனக்காகத் தானே காத்துக்கொண்டிருந்தது.

பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பவரைக் கை கழுவக்கூட விடாமல் எழுப்பி, அதே கையால் பரிமாறச் சொல்வதைப் போன்றதுதான் ஹேண்ட்லர். எந்த இரண்டு இயந்திரக் கட்டளைகளுக்கு நடுவிலும் அது நுழையும். அதனால்தான் ஹேண்ட்லருக்குள் எதையெல்லாம் கூப்பிடலாம் என்று, யூனிக்ஸ் வகை இயக்கமுறைமைகளுக்கான தரநிலையான போசிக்ஸ் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ரைட், செம்_போஸ்ட், வெயிட்பிஐடி போன்றவை அதில் உண்டு. பிரின்ட்எஃப் இல்லை, மால்லாக் இல்லை, மியூடெக்ஸைப் பூட்டும் பித்ரெட்_மியூடெக்ஸ்_லாக் இல்லை. பல த்ரெட் நிரலில் மியூடெக்ஸைத் தொடாமல் உருப்படியாக எதைச் செய்வது?

தேக்கா உணவங்காடி நிலையத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது இந்தக் கதையைக் கேட்ட தம்பி ஒருவர், திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து எங்கள் குழுவில் சேர்ந்தவர், உடனே கேட்டார்: “ஹேண்ட்லர்ல ஒரு ஃப்ளாக்க மட்டும் ஏத்தி வச்சுட்டு, மத்ததயெல்லாம் வெளில பாத்துக்கிட்டா போதாதாக்கா?”

நல்ல கேள்வி, ஒற்றை த்ரெட் நிரலில் பலரும் செய்வதும் அதுதான். ஆனால் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. த்ரெட் ஃப்ளாக் என்ற குறியைப் பார்க்கிறது, ஏறவில்லை என்று தெரிந்துகொள்கிறது, அடுத்து, தரவு வரும்வரை காத்திருக்கும் ரீட் என்று போய்த் தூங்கப்போகிறது. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவே சிக்னல் வந்துவிட்டால், ஹேண்ட்லர் ஃப்ளாக்கை ஏற்றிவிட்டுப் போய்விடும். ரீட் ஒன்றும் அறியாமல் தூங்கும். அடுத்த அளவு வந்து எழுப்பினால்தான் உண்டு. ஒற்றை த்ரெட்டில் இதை அடைக்க, தடையை நீக்குவதையும் தூங்குவதையும் ஒரே அடியாகச் செய்யும் சிக்சஸ்பெண்டும் பிசெலக்ட்டும் இருக்கின்றன. தனக்குத்தானே ஒரு பைப் திறந்துகொண்டு ஹேண்ட்லரிலிருந்து அதில் ஒரு பைட் எழுதும் வித்தையும் இருக்கிறது. நிரலாளர் டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வித்தை அது, இன்றும் கௌரவமாக வேலை செய்கிறது. பல த்ரெட் என்று வந்துவிட்டால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. புராசஸுக்கென்று, அதாவது ஓடும் நிரல் முழுவதற்கும், அனுப்பப்படும் சிக்னலை, அதைத் தடுத்துவைக்காத ஏதாவது ஒரு த்ரெட் வாங்கும். எது என்று போசிக்ஸ் உறுதி தருவதில்லை. தூக்கம் கலைந்து, பாதியில் கலைக்கப்பட்டது என்று சொல்லும் ஈஇன்டர் பிழையோடு எழுவதும் அந்த ஒரு த்ரெட் மட்டும்தான். நாம் எழுப்ப நினைத்தது சர்வர் த்ரெட், எழுந்ததோ மூன்றாம் கிடங்கின் த்ரெட் என்றால் ஃப்ளாக்கை யார் பார்ப்பது?

சிக்வெயிட் இந்தக் குழப்பத்தை வேரிலேயே வெட்டுகிறது. முறை சுருக்கமானது. நாம் எழுதிய நிரலின் தொடக்க ஃபங்ஷனான மெயின் தொடங்கியதும், வேறு எந்த த்ரெட்டும் பிறப்பதற்கு முன்பாக, நமக்கு வேண்டிய சிக்னல்களை ஒரு தொகுப்பில் சேர்த்து, பித்ரெட்_சிக்மாஸ்க் மூலம் தடுத்துவைக்க வேண்டும். புதிய த்ரெட் தன்னைப் பெற்ற த்ரெட்டின் மாஸ்க்கோடுதான் பிறக்கும் என்பதால், அதன் பிறகு வரும் எல்லா த்ரெட்டுகளும் தாமாகவே அந்தத் தடையோடு வருகின்றன. பிறகு ஒரே ஒரு த்ரெட் அதே தொகுப்பைக் கொடுத்து சிக்வெயிட்டைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். சிக்னல் வந்தால் சிக்வெயிட் அதன் எண்ணை நாம் கொடுத்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பும். அவ்வளவுதான். ஹேண்ட்லர் என்று எதுவும் ஓடுவதில்லை, எந்த த்ரெட்டும் பாதியில் நிறுத்தப்படுவதில்லை. திரும்பி வந்த இடம் சாதாரண சி நிரலின் ஒரு சாதாரண வரி என்பதால், அங்கே மால்லாக் கூப்பிடலாம், மியூடெக்ஸைப் பூட்டலாம், லாக் எழுதலாம், அமைப்புக் கோப்பை நிதானமாகப் படித்து, தவறாக இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளலாம். பட்டியலைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டிய கவலை தீர்ந்தது. காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்ட சிக்னலும் தொலைந்துபோகாது. அது நிலுவையில் நிற்கும், சிக்வெயிட் போன கையோடு அதை எடுத்துக்கொண்டு திரும்பும். மேலே சொன்ன இடைவெளி இங்கே இல்லை.

இந்த ஃபங்ஷன்கள் புதியவை அல்ல. சிக்வெயிட்இன்ஃபோவும் சிக்டைம்ட்வெயிட்டும் 1993-இன் போசிக்ஸ் நிகழ்நேர விரிவாக்கத்தில் வந்தன. சிக்வெயிட்டும் பித்ரெட்_சிக்மாஸ்க்கும் 1995-இன் த்ரெட் விரிவாக்கத்தில் வந்தன. ஆனால் லினக்ஸில் லினக்ஸ்த்ரெட்ஸ் என்ற பழைய த்ரெட் லைப்ரரியின் காலத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஒரு புராசஸ் எண் வைத்திருந்தது. புராசஸுக்கு அனுப்பிய சிக்னல் அந்த எண்ணுக்குரிய த்ரெட்டைத் தாண்டிப் போகாது. உல்ரிக் ட்ரெப்பரும் இங்கோ மோல்னாரும் உருவாக்கிய என்பிடிஎல் என்ற புதிய த்ரெட் லைப்ரரி, 2003 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6-ஓடு பரவிய பிறகுதான் இந்த ஏற்பாடு லினக்ஸில் புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. பிழையைத் தெரிவிக்கும் விதத்தில் மட்டும் ஒரு சிறு கவனம் வேண்டும். சிக்வெயிட்டும் பித்ரெட்_சிக்மாஸ்க்கும் வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் பிழை எண்ணையே திருப்பும். பிழை எண் வைக்கப்படும் மாறியான எர்னோவைத் தொட வேண்டியதில்லை. சிக்வெயிட்இன்ஃபோவோ சிக்னல் எண்ணைத் திருப்பும், தோல்வி என்றால் -1 திருப்பி எர்னோவில் காரணத்தை வைக்கும். மாஸ்க்கை மாற்றும் பழைய ஃபங்ஷனான சிக்ப்ரோக்மாஸ்க்கைப் பல த்ரெட் நிரலில் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று போசிக்ஸ் வரையறுக்கவே இல்லை. லினக்ஸில் அது கூப்பிட்ட த்ரெட்டின் மாஸ்க்கைத்தான் மாற்றுகிறது என்றாலும், அதை நான் எங்கே கண்டாலும் மாற்றிவிடுவேன்.

இனி விலைக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை வேண்டும்: சிக்னலுக்கு என்ன செய்வது என்ற ஏற்பாடு புராசஸ் முழுவதற்கும் ஒன்றே, மாஸ்க் மட்டும் த்ரெட்டுக்கு த்ரெட் தனி. சிக்டெர்மின் இயல்பு நடவடிக்கை புராசஸைக் கொல்வது. ஆகவே, தடை இல்லாத த்ரெட் ஒன்றே ஒன்று எங்காவது இருந்தாலும், அதன் வழியாக சிக்டெர்ம் உள்ளே புகுந்து, காத்திருக்கும் த்ரெட்டையும் சேர்த்து முழுப் புராசஸையும் முடித்துவிடலாம்.

“முடித்துவிடலாம்” என்று எழுதுகிறேன், “முடித்துவிடும்” என்று எழுதவில்லை. காரணம் கெர்னலுக்குள் இருக்கிறது. ஒரு த்ரெட் சிக்வெயிட்டில் தூங்கப்போகும்போது, லினக்ஸ் கெர்னல் அந்த த்ரெட்டின் மாஸ்க்கிலிருந்து காத்திருக்கும் சிக்னல்களைத் தற்காலிகமாக எடுத்துவிடுகிறது. இல்லாவிட்டால் சிக்னல் வந்தால் அதை எழுப்ப வேண்டும் என்று தெரியாது. ஆனால் மாஸ்க்கை எடுத்துவிட்டால் இயல்பு நடவடிக்கை பாய்ந்துவிடுமே? அதற்காக, அசல் மாஸ்க்கை ரியல்_பிளாக்ட் என்ற தனி இடத்தில் குறித்துவைக்கிறது. சிக்னல் வந்து, அதை வாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட த்ரெட்டின் ரியல்_பிளாக்டில் அந்தச் சிக்னல் இருந்தால், இது கொல்லும் சிக்னல் அல்ல, எழுப்பும் சிக்னல் என்று கெர்னல் முடிவு செய்கிறது. வாங்கும் த்ரெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சிக்னல் அனுப்பும் கில் மூலம் வந்த சிக்னலுக்கு முதலில் மெயின் த்ரெட்டைத்தான் கேட்கிறது. அது வாங்கத் தயார் என்றால் அதற்கே கொடுக்கிறது. இல்லை என்றால்தான் மற்றவற்றைச் சுற்றிப் பார்க்கிறது.

இதன் விளைவு விநோதமானது. எங்கள் நிரலில் சிக்வெயிட்டில் உட்கார்ந்திருப்பது மெயின் த்ரெட்தான். எங்கோ ஒரு மூலையில் தடை இல்லாத த்ரெட் ஒன்று இருந்தாலும், மெயின் சிக்வெயிட்டில் இருக்கும்வரை சிக்டெர்ம் ஒழுங்காக மெயினுக்கே வரும். சோதித்துப் பார்ப்பவர் எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே நடக்கும். ஆனால் மெயின் ஒரு சிக்ஹப்பை வாங்கி, அமைப்புக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் அந்த நூறு மில்லிவினாடிக்குள் சிக்டெர்ம் வந்தால், மெயின் அப்போது சிக்வெயிட்டில் இல்லை, அதன் மாஸ்க் தடுத்தே இருக்கிறது. கெர்னல் அடுத்த த்ரெட்டைத் தேடிப்போகிறது, தடையில்லாத மூலையைக் கண்டுபிடிக்கிறது, அங்கே ரியல்_பிளாக்ட் காலியாக இருக்கிறது, புராசஸ் அந்த இடத்திலேயே சாகிறது. பஃபரில் இருந்த அளவுகள் டிஸ்க்கைச் சேராது. கிடங்கு ஒன்றின் வரைபடத்தில் சில நிமிடம் வெள்ளையாகக் கிடக்கும். வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு மீன் உருகிவிட்டதா என்று கேட்பார்.

தடையில்லாத த்ரெட் எங்கிருந்து வருகிறது? நாம் ஒழுங்காக மெயினின் முதல் வரியிலேயே தடுத்திருந்தாலும், மெயினுக்கு முன்பே ஓடும் நிரல் வரிகள் இருக்கின்றன. பகிர் லைப்ரரிகளில், ஏற்றும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டர் ஃபங்ஷன்கள் உண்டு. சி++ லைப்ரரி என்றால் உலகளாவிய பொருள்களின் தொடக்க வேலைகள் உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று தன் சொந்தக் காரியத்துக்கு ஒரு த்ரெட்டைக் கிளப்பிவிட்டால், அது நம் மாஸ்க்கைப் பார்த்ததே இல்லை.

ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்க்கலாம். லினக்ஸில் புராக் கோப்பகத்தில், புராசஸ் எண்ணுக்குள், டாஸ்க் என்ற கோப்பகத்தில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஓர் ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கிறது. அதில் சிக்பிளாக் என்ற வரி அந்த த்ரெட்டின் மாஸ்க்கைப் பதினாறு இலக்கப் பதின்அறும எண்ணாகக் காட்டும். சிக்ஹப்பின் எண் 1, சிக்இன்ட் 2, சிக்டெர்ம் 15, சிக்சைல்ட் 17. எண்ணில் ஒன்றைக் கழித்தால் பிட் இடம். எங்கள் தொகுப்பு இந்த நான்கும்தான் என்பதால், சிக்வெயிட்டில் தூங்கும்போது தற்காலிகமாகச் சுழியங்களைக் காட்டும் மெயினைத் தவிர மற்ற எல்லா த்ரெட்டிலும் 0000000000014003 என்று இருக்க வேண்டும். வரிசையாக 14003, 14003, 14003 என்று ஓடிவந்த பட்டியலில் மெயினைத் தவிர இன்னும் ஓர் இடத்தில் பதினாறு சுழியங்கள் நின்றன. கருவிகளை விற்ற நிறுவனம் கொடுத்த லைப்ரரி, தன் நிலைமையைக் கண்காணிக்க ஏற்றும்போதே கிளப்பிவிட்ட த்ரெட் அது. மூல நிரல் நமக்குக் கிடையாது, ஆகவே கன்ஸ்ட்ரக்டரைத் திருத்த வழியில்லை.

வழி இரண்டு. லைப்ரரியை இணைப்பின்போதே ஏற்றாமல், மாஸ்க் போட்ட பிறகு டிஎல்ஓபன் மூலம் ஏற்றலாம். அல்லது சிக்னல்களைத் தடுத்துவிட்டு எக்ஸெக்வி மூலம் உண்மையான நிரலாக மாறும் ஒரு பத்து வரிச் சிறுநிரலை முன்னால் வைக்கலாம். மாஸ்க் எக்ஸெக்வியைத் தாண்டியும் நிலைக்கும் என்பதால், கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போதே தடை இருக்கும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வழியில் லைப்ரரியின் ஒவ்வொரு ஃபங்ஷனையும் டிஎல்சிம் மூலம் பெயர் சொல்லித் தேடியெடுக்க வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

எக்ஸெக்வியைத் தாண்டி மாஸ்க் நிலைக்கும் என்ற அதே குணம், வேறொரு பக்கம் கடிக்கிறது. எங்கள் நிரல் நாளுக்கொரு முறை பழைய கோப்புகளைச் சுருக்கிவைக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்டைக் கிளப்புகிறது. ஃபோர்க் மூலம் பிரதியாகப் பிரியும் சைல்ட் புராசஸ் பெற்ற த்ரெட்டின் மாஸ்க்கோடு பிறக்கிறது, எக்ஸெக்வி ஆன பின்பும் அதை வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த ஸ்கிரிப்டும், அது கிளப்பும் சுருக்கு நிரலும் சிக்டெர்மைத் தடுத்தபடியே ஓடுகின்றன. நேரம் அதிகமாகிவிட்டது, நிறுத்து என்று சிக்டெர்ம் அனுப்பினால் அவற்றின் காதில் விழாது. யாரும் சிக்வெயிட் செய்யாததால் சிக்னல் நிலுவையிலேயே கிடக்கும். ஸ்கிரிப்ட் எழுதியவர் சிக்னலைப் பிடிக்கும் டிராப் கட்டளையை எத்தனை கவனமாக எழுதியிருந்தாலும் பயனில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. ஹேண்ட்லராக இருந்திருந்தால் எக்ஸெக்வியின்போது அது இயல்பு நடவடிக்கைக்குத் திரும்பியிருக்கும். மாஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

தீர்வு, குழந்தையை வெளியே விடும் முன் மாஸ்க்கைக் கழற்றிவிடுவது. புதிய புராசஸைக் கிளப்பும் போசிக்ஸ்_ஸ்பான் பயன்படுத்தினால் அதன் பண்புகளில் சிக்மாஸ்க்கைக் காலித் தொகுப்பாக வைத்து, அதற்குரிய ஃப்ளாக்கையும் ஏற்ற வேண்டும். ஃப்ளாக்கை மறந்தால் வைத்த மாஸ்க் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். எதிர்முனை மூடிய பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப்பை ஒதுக்கிவைத்திருந்தால் அதையும் இயல்புக்குத் திருப்ப வேண்டும், ஏனென்றால் ஒதுக்கிவைத்தல் எக்ஸெக்வியைத் தாண்டி நிலைக்கும். வேறு நிரல்களைக் கிளப்பும் எளிய ஃபங்ஷன்களான சிஸ்டமும் பிஓபனும் இந்த வசதியைத் தருவதில்லை. சிக்வெயிட் உள்ள நிரலில் அவை இரண்டும் இருக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் எழுதிவைத்திருக்கிறோம்.

தொகுப்பில் எதைச் சேர்ப்பது என்பதிலும் கை நீளக் கூடாது. சிக்ஃபில்செட் கொண்டு எல்லாவற்றையும் தடுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். சிக்கில்லையும் சிக்ஸ்டாப்பையும் தடுக்க முடியாது, கேட்டாலும் கெர்னல் சத்தமில்லாமல் விட்டுவிடும், அதனால் கேடில்லை. ஆனால் சிக்செக்வி, சிக்பஸ், சிக்எஃப்பிஈ, சிக்இல் ஆகியவை வேறு ஜாதி. அவை வெளியிலிருந்து வருவதில்லை, த்ரெட் தானே செய்த தவறுக்காக அந்த த்ரெட்டுக்கே வருகின்றன. தவறான முகவரியைத் தொட்ட த்ரெட்டுக்கு வேண்டிய சிக்னலை வேறொரு த்ரெட் காத்திருந்து வாங்குவது என்பதற்கே பொருளில்லை; தடுத்த நிலையில் அது பிறந்தால் விளைவு வரையறுக்கப்படாதது என்கிறது போசிக்ஸ், லினக்ஸ் புராசஸைக் கொன்றுவிடும். போகிற போக்கில் நீங்கள் வைத்திருந்த பிழைப்பதிவு ஹேண்ட்லரும் ஓடாமல் போகும். சிக்பைப்பும் எழுதிய த்ரெட்டுக்கே வருவது. அதை ஒதுக்கிவிட்டு, ரைட் திருப்பும் ஈபைப் பிழையைப் பார்ப்பதே நேர்மையான வழி.

சிக்சைல்டைப் பற்றி இரண்டு வாக்கியம். சாதாரண சிக்னல்கள் எண்ணி வைக்கப்படுவதில்லை, நிலுவையில் ஒன்று இருக்கும்போது வரும் இன்னொன்று அதிலேயே கரைந்துவிடும். ஆகவே சிக்சைல்ட் ஒருமுறை கிடைத்தால் முடிந்த சைல்ட் புராசஸை எடுக்கும் வெயிட்பிஐடியை, காத்திருக்காதே என்று சொல்லும் டபிள்யூநோஹேங்கோடு, எடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதன் இயல்பு நடவடிக்கை ஒதுக்குதல் என்பதால், தடுத்திருக்கும்போது அது தூக்கியெறியப்படலாம் என்று போசிக்ஸ் இடம் வைத்திருக்கிறது. லினக்ஸ் தடுத்த சிக்னலைத் தூக்கியெறிவதில்லை, ஆனால் வேறு யூனிக்ஸிலும் ஓட வேண்டிய நிரல் என்றால், ஓடவே போகாத ஒரு வெற்று ஹேண்ட்லரை அதற்குப் பதிவுசெய்து வைப்பது நல்லது.

லினக்ஸின் அந்தக் குணம், நிரலைத் தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களிலும் கைகொடுக்கிறது. கன்டெய்னருக்குள் நம் நிரலே முதல் புராசஸாக, எண் 1 ஆக ஓடினால், இயல்பு நடவடிக்கையில் விடப்பட்ட சிக்டெர்மை உள்ளே கெர்னல் அதற்குக் கொடுப்பதே இல்லை. கன்டெய்னரை நிறுத்தும் டாக்கர் ஸ்டாப் கட்டளையைக் கொடுத்தால் பத்து வினாடி சும்மா காத்திருந்துவிட்டு சிக்கில்லால் கொல்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிக்டெர்மைத் தடுத்துவைத்து சிக்வெயிட்டில் காத்திருக்கும் நிரலுக்கு இந்தத் தொல்லை இல்லை. தடுத்த சிக்னல் நிலுவைக்குப் போகிறது, மெயின் அதை எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொண்ட பின் என்ன? மெயின் எல்லா த்ரெட்டுகளுக்கும் நிறுத்தச் சொல்ல வேண்டும், அதற்கு சிக்னல் தேவையில்லை. மியூடெக்ஸுக்குள் நிறுத்தக் குறியை ஏற்றி, பித்ரெட்_கான்ட்_பிராட்காஸ்ட் கொடுத்தால் வரிசையில் காத்திருக்கும் த்ரெட்டுகள் எழும். பல இணைப்புகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஈபோலில் தூங்கும் த்ரெட்டுக்கு ஈவென்ட்எஃப்டி ஒன்றில் எழுதினால் போதும். பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் முடியக் காத்திருக்க வரிசையாக பித்ரெட்_ஜாயின், கடைசியில் எழுதியதை டிஸ்க்கில் உறுதிப்படுத்த டிஸ்க் த்ரெட்டிடம் எஃப்சிங்க். எல்லாம் டாக்கரின் 10 வினாடிக்குள், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் என்றால் 30 வினாடிக்குள், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி என்றால் 90 வினாடிக்குள் முடிய வேண்டும். இவை அவற்றின் இயல்பு அளவுகள், மாற்றிக்கொள்ளலாம். இந்த நேரத்தில் மெயின் சிக்வெயிட்டில் இல்லை என்பதால், முனையத்தில் உட்கார்ந்து பொறுமையிழந்து கன்ட்ரோல்-சி அடிப்பவருக்கு எந்தப் பதிலும் கிடைக்காது. நிறுத்தும் வேலை தொடங்கியதும் மெயின் த்ரெட்டில் சிக்இன்ட்டை மட்டும் தடையிலிருந்து எடுத்துவிடுகிறேன். இரண்டாம் முறை அடிப்பவர் தெரிந்தே அடிக்கிறார், அவர் சொல் நடக்கட்டும்.

நேரக் கெடுவோடு காத்திருக்க சிக்டைம்ட்வெயிட் இருக்கிறது. கெடு முடிந்தால் ஈஅகெய்ன் பிழையோடு திரும்பும். சிஸ்டம்டியின் வாட்ச்டாக் என்ற கண்காணிப்புக்கு உயிரோடிருக்கிறேன் என்று அவ்வப்போது சொல்ல எங்கள் மெயின் இதைத்தான் பயன்படுத்துகிறது. தனியாக டைமரோ சிக்அலார்மோ வேண்டியதில்லை. தொகுப்பில் இல்லாத வேறொரு சிக்னலின் ஹேண்ட்லர் குறுக்கே வந்தால் ஈஇன்டர் வரும், அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி காத்திருக்க வேண்டும். லினக்ஸ் 2.6.22 முதல் உள்ள சிக்னல்எஃப்டி இன்னொரு வழி: சிக்னல்களைக் கோப்பு விவரிப்பியாக மாற்றி, ரீட் செய்தால் சிக்னலுக்கு 128 பைட் கொண்ட விவரத்தைத் தரும், ஈபோலோடு சேர்த்துக் காத்திருக்கலாம். ஏற்கெனவே ஒரே ஈபோல் சுழற்சியில் ஓடும் நிரலுக்கு அது பொருத்தம். ஆனால் மாஸ்க் பற்றி மேலே சொன்ன அத்தனை கண்டிப்பும் அதற்கும் அப்படியே பொருந்தும். மாஸ்க்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்து அதற்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன், தப்பிக்க முடியாது.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காதது ஒன்று உண்டு, அது ஜிடிபியோடு வரும் தகராறு. ஜிடிபி, சிக்னல் ஒரு த்ரெட்டிடம் சேர்க்கப்படும் கணத்தில் பிட்ரேஸ் என்ற கெர்னல் வசதி வழியாகத் தகவல் பெறுகிறது. சிக்வெயிட் சிக்னலை நிலுவையிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதால் அந்தக் கணம் நிகழ்வதே இல்லை. முனையத்தைப் பகிர்ந்தபடி ஜிடிபிக்குள் ஓடும் நிரலை நிறுத்தக் கன்ட்ரோல்-சி அடித்தால், ஜிடிபி நிற்பதற்குப் பதிலாக நிரல் சிக்இன்ட்டை வாங்கி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொண்டு போய்விடும். வேறொரு முனையத்திலிருந்து சிக்ட்ராப் அனுப்பலாம். அது தொகுப்பில் இல்லாததால் ஜிடிபி நின்றுவிடும். நாங்கள் பிழைதேடும் பதிப்புக்கென்று ஒரு தேர்வைச் சேர்த்தோம். அதைக் கொடுத்துக் கிளப்பினால் முன்னால் உள்ள சிறுநிரலும் மெயினும் சிக்இன்ட்டைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை, மற்ற த்ரெட்டுகளின் ஸ்டேட்டஸ் கோப்பில் 14003 என்பதற்குப் பதில் 14001 என்று நிற்கும். தேக்காவில் கேள்வி கேட்ட தம்பிதான் அதை எழுதிக்கொடுத்தார்.